பழைய சுழல் துப்பாக்கி வாங்கலாமா?

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறான். பழைய மிதிவண்டி வாங்குகிறவன்கூடச் சக்கரத்தைச் சுழற்றி, அச்சு ஆடுகிறதா என்று கண்டறிந்த பின்னரே பணத்தை எண்ணுகிறான். பழைய துப்பாக்கி ஒன்று விலைக்கு வருமாயின் அதில் எதை எதைப் பார்ப்பது? அதற்கும் முன்னதாக, அதை வாங்கலாமா கூடாதா என்பதை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது?

தமிழாசிரியர்க்கும் தமிழன்பர்க்கும் உரிய இப்பகுதியில் இந்தக் கேள்வி எழுவானேன் என்று சிலர் வியக்கலாம். மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில், தோட்டவேலையை விட்டு வெளியேறி, இரண்டு மூன்று ஏக்கர் செம்பனையோ ரப்பரோ வைத்துப் பிழைக்கும் நம்மவர் உளர். புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி ஓர் இரவில் தோண்டித் தின்றுவிடுகிறது. மறுநாட் காலை, வயிற்றெரிச்சலோடு நிற்கும் அம்மனிதரின் காதில், "இன்னாரிடம் பழைய துப்பாக்கி இருக்கிறதாம், மலிவாகத் தருவாராம்" என்ற பேச்சு விழுகிறது. பாரம் நிரப்பவும் கடிதம் படிக்கவும் பள்ளிக்கூடத்து ஆசிரியரை நாடி வருவது தோட்டப்புற வழக்கம். அவ்வாறு வருகிறவர் இக்கேள்வியையும் கேட்கக்கூடும். ஆகவே விடை தெரிந்துவைத்திருப்பது ஆசிரியர் கடமையுள் ஒன்று.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்பது 47ஆம் அதிகாரம். ஒரு செயலால் இழப்பது எது, பெறுவது எது, கழித்தபின் மிஞ்சும் ஊதியம் எது என்று கணக்கிட்டுச் செயலில் இறங்கச் சொல்வது அதன் தொடக்கம். அந்தக் கணக்கை இந்தப் பொருளுக்கும் போட்டுப் பார்ப்போம்.

சொல்லின் கதை

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'துப்பாக்கி' தமிழ்ச்சொல் அன்று. துருக்கியர், பாரசீகர் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்த சொல். 'தோட்டா' இந்துஸ்தானியிலிருந்து வந்தது. 'பீரங்கி'யோ பறங்கியரின் பெயரையே சுமந்து நிற்பது. அப்பறங்கியர், அல்புகர்க்கின் தலைமையில் பீரங்கி முழங்க 1511இல் கைப்பற்றிய நகரம் நம் மலாக்காவேயாம். மலாய் மொழியிலும் இக்கதை தொடர்கிறது. 'செனாப்பாங்' என்பது டச்சுக்காரர் தந்த சொல். 'பெலுரு' போர்த்துகீசியர் தந்தது. சுடுகருவியைக் குறிக்கும் 'பெடில்' என்ற பழைய மலாய்ச்சொல் நம் 'வெடி'யோடு உறவுடையது என்று கருதும் அறிஞரும் உளர். யார் யார் கையில் இக்கருவி இருந்ததோ, அவரவர் மொழி அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்வழக்கில் எல்லாமே 'துப்பாக்கி'தான். ஆயினும் மூன்று வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். தோளில் அணைத்து, ஒரே தோட்டாவிலிருந்து பல ஈயச்சிதறல்களைச் சுடுவது சிதறல் துப்பாக்கி. குழலை மடக்கித் தோட்டா இடுவதால் மலாய்க்காரர் இதைச் 'செனாப்பாங் பாத்தா' என்பர். தோளில் அணைத்து ஒரே குண்டைச் சுடுவது, உள்ளே புரி வெட்டிய குழலையுடைய ரைபிள். கையிற் பிடித்துச் சுடுவது கைத்துப்பாக்கி. இக்கைத்துப்பாக்கியில், தோட்டாக்கள் ஓர் உருளையில் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொன்றாகக் குழலின் முன் சுழன்று வருமானால் அதுவே சுழல் துப்பாக்கி, அதாவது ரிவால்வர்.

பெருங்குழல் வந்த வரலாறு

அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட் என்பவர் 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் தம் நாட்டிலும் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பெரும்பாலும் ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்கவேண்டும். கோல்ட் செய்த கருவியில் உருளை சுழன்று அடுத்த குண்டைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் இராணுவம் 1887இல் வெப்லி சுழல் துப்பாக்கியை ஏற்றது. பேரரசின் படையும் காவலும் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது.

இந்தியாவில் யானை அம்பாரியில் அமர்ந்து புலிவேட்டையாடிய ஆங்கிலேயர் 'அம்பாரித் துப்பாக்கி' என்னும் பெருங்குழற் கைத்துப்பாக்கிகளை உடன் வைத்திருந்தனர். அவை வேட்டைக்கு உரியன அல்ல. அடிபட்ட புலி யானையின் மத்தகத்தின்மேல் பாய்ந்தேறிவிட்டால், அந்தக் கடைசி நொடிக்கு உரியன. தமிழகத்துச் சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடித் திரிந்து நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910 - 1974) நம்பியிருந்தது .405 வின்செஸ்டர் ரைபிளையே. பெருவிலங்கு வேட்டையில் பழகியவர்கள் தோளில் அணைக்கும் கருவியையே முதற் கருவியாகக் கொண்டனர் என்பதை இதனால் அறியலாம்.

கைத்துப்பாக்கியாலேயே வேட்டையாடலாம் என்ற எண்ணம் வளர்ந்த இடம் அமெரிக்கா. ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் கீத் என்ற பண்ணைக்காரரும் எழுத்தாளருமாகிய ஒருவர் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரெமிங்டன் ஆகிய நிறுவனங்கள் 1955ஆம் ஆண்டிறுதியில் .44 மேக்னம் என்ற தோட்டாவையும் அதற்குரிய சுழல் துப்பாக்கியையும் வெளிக்கொணர்ந்தன. 1971இல் வந்த 'டர்ட்டி ஹாரி' என்ற திரைப்படம் அதனை உலகெங்கும் பெயரெடுக்கச் செய்தது. 2003இல் .500 மேக்னம் வரை குழல் பெருத்துவிட்டது.

இவ்வெண்களின் பொருள் என்ன? .44 என்பது குழலின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது. உண்மையில் அக்குண்டின் விட்டம் 0.429 அங்குலம், அதாவது 10.9 மில்லிமீட்டர். குண்டின் எடையைக் 'கிரெயின்' என்னும் அளவால் சொல்வர். வழக்கமான 240 கிரெயின் குண்டு 15.6 கிராம் எடையுள்ளது. இரண்டு சவரனுக்குச் சற்றே குறைவு. அந்த இரண்டு சவரன் ஈயம் வினாடிக்கு ஏறத்தாழ 430 மீட்டர் விரைவில் பாய்கிறது. ஒலியின் விரைவோ வினாடிக்கு 340 மீட்டர் அளவினதே.

வேட்டைக்கு ஏற்றதா?

ஆற்றல் மிகுதி, ஆயின் அவ்வாற்றலைக் குறித்த இடத்தில் சேர்ப்பது வேறு செயல். இங்கே பள்ளிக்கூடத்து வடிவொத்த முக்கோணங்கள் நமக்குத் துணைவருகின்றன.

துப்பாக்கியில் கண்ணுக்கு அருகில் ஒரு குறியும் முனையில் ஒரு குறியும் உண்டு. ஆறங்குலக் குழலுள்ள சுழல் துப்பாக்கியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கை நடுங்கி முனைக்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டருக்கு அப்பால் குண்டு எவ்வளவு விலகும்? 50 மீட்டர் என்பது 20 சென்டிமீட்டரைப்போல் 250 மடங்கு. எனவே விலகல் 250 மில்லிமீட்டர், அதாவது 25 சென்டிமீட்டர். பன்றியின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும்; அல்லது படாமலே போகும். குறிகளுக்கிடையே 60 சென்டிமீட்டர் உள்ள நீள்துப்பாக்கியில் அதே பிழை 8 சென்டிமீட்டர் விலகலையே தரும். மேலும் நீள்துப்பாக்கி தோள், கன்னம், இருகைகள் ஆகியவற்றில் தாங்கி நிற்பது. கைத்துப்பாக்கிக்கோ கைகளே தாங்கல்.

அடுத்து உதைப்பு. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்பது நியூட்டன் விதி. குண்டும் வாயுவும் முன்னே பாய, ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள சுழல் துப்பாக்கி வினாடிக்கு 6 மீட்டரளவு விரைவில் பின்னே உதைக்கிறது. மணிக்கட்டு பழகாதவன் இரண்டாவது முறை சுடும்போது, உதை வருமுன்னரே அஞ்சிக் கையை இழுத்துக்கொள்கிறான்; குறி பாழாகிறது. செவிக்கும் கேடு உண்டு. அதன் ஓசை 160 டெசிபெலைத் தாண்டுவது. காதடைப்பின்றி ஒரு முறை கேட்டாலே செவித்திறன் குன்றக்கூடும்.

அமெரிக்கச் சந்தையில் பழைய பெருங்குழற் சுழல் துப்பாக்கிகள் புதுமெருகு குலையாமலே விலைக்கு வருவதற்கு இதுவே காரணம். ஆசைப்பட்டு வாங்கியவர் பத்துப் பன்னிரண்டு முறை சுடுவார், கை வலிக்கும், மீதித் தோட்டாப் பெட்டியோடு சேர்த்து விற்றுவிடுவார். விற்பவருடைய கருவி நன்றாக இருப்பது வாங்குபவருக்கு ஆதாயந்தான். ஆனால் அவர் ஏன் விற்றார் என்பதையும் வாங்குபவர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தல் நலம்.

பழையதைச் சோதிக்கும் முறை

சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில், உரிமமுள்ள ஒருவர், உரிமமுள்ள வணிகரிடம் பழைய சுழல் துப்பாக்கி வாங்கும்போது எவற்றைப் பார்க்கிறார் என்பதை இனிக் காண்போம். எந்திரத்தின் தேய்மானத்தைக் கண்ணாலும் விரலாலும் அறியும் கலை இது, எப்பொறிக்கும் பயன்படும்.

முதலாவது, உருளையைத் திறந்து ஒவ்வோர் அறையும் வெறுமையாக உள்ளதா என்று காண்பது. "தோட்டா இல்லை" என்று விற்பவர் சொல்வது சான்று ஆகாது. அறை வழியே வெளிச்சம் தெரிவதே சான்று.

இரண்டாவது, வெளித்தோற்றம். உறையில் உரசி நிறம் மங்கியிருப்பது குற்றமன்று. திருகாணிகளின் தலை சிதைந்திருப்பது குற்றம். அறியாதவன் ஒருவன் உள்ளே கைவைத்திருக்கிறான் என்பதற்கு அது அடையாளம். வரிசை எண் தேய்க்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். வைத்துவிட்டு வெளியேறுவதே அறிவு.

மூன்றாவது, உருளையின் ஆட்டம். முன்னும் பின்னும் அசைத்தால் மிகச் சிறிதே அசையவேண்டும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. நம் பள்ளியில் பயன்படுத்தும் அச்சுத்தாள் ஒன்றன் கனம் 0.1 மில்லிமீட்டர் அளவு. எனவே ஒரு தாள் நுழையலாம். மூன்று தாள் சேர்ந்து நுழையுமானால் தேய்மானம் மிகுதி. அவ்விடைவெளி வழியாகவே ஒவ்வொரு முறையும் எரிவாயு பக்கவாட்டில் சீறுகிறது. அந்த இடத்தருகே விரல் வைத்தவர் விரலை இழக்கவும் கூடும்.

நான்காவது, காலப்பொருத்தம். இதுவே உயிர்நாடி. துப்பாக்கியின் குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது உருளை சுழலும். குதிரை முழுதும் ஏறி நிற்குமுன் உருளை தன் பூட்டுக்குள் 'கிளிக்' என்று அமர்ந்துவிடவேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியே இதைப் பார்த்தல் வேண்டும். ஓர் அறை பிந்தினாலும் அறையும் குழலும் நேர்ப்படா. குண்டு குழல்வாயில் உரசிச் சீவப்படும். ஈயத்துணுக்குகள் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும்.

ஐந்தாவது, ஏறி நின்ற குதிரையைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளிப் பார்ப்பது. விசையைத் தொடாமலே அது விழுந்துவிட்டால், பிடிப்பு தேய்ந்துவிட்டது; தவறி வெடிக்கும்.

ஆறாவது, குழல். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் புரிகள் கூர்மையாகத் தெரியவேண்டும். நடுவில் ஒரு கருவளையம் தெரிந்தால், முன்னொரு நாள் குழலில் ஒரு குண்டு சிக்கியிருக்க, அதன் பின்னே அடுத்த குண்டு மோதிக் குழல் உப்பியிருக்கிறது என்று கொள்க. குழலின் பின்வாயில் மயிரிழை வெடிப்பு உளதா என்றும், உருளைக்கு மேலுள்ள பட்டையில் தீநாக்கு அரித்த பள்ளம் ஆழமாக உளதா என்றும் நோக்குதல் வேண்டும். மிகைமருந்துத் தோட்டாக்களை ஓயாமற் சுட்ட கருவியில் இவை தோன்றும்.

ஏழாவது, காப்பு அமைப்பு. 1873இல் தோன்றிய கோல்ட் வகையையும் அதைப் பின்பற்றிய பழைய வகைகளையும் வைத்திருப்போர், ஆறு அறைகளில் ஐந்தில் மட்டுமே தோட்டா இட்டு, குதிரையின்கீழ் உள்ள அறையை வெறுமையாக விடுவர். கருவி கீழே விழுந்து குதிரையில் அடிபட்டால் வெடித்துவிடும் என்பதே காரணம். ரூகர் நிறுவனம் 1973இல் இதற்கு மாற்றாக, விசையை முழுதும் இழுத்தாலன்றி அடி ஊசிக்குச் செல்லாதவாறு ஓர் இடைத்தண்டு அமைத்தது. தன் பழைய கருவிகளையும் கட்டணமின்றி மாற்றித் தந்தது. பழையதை வாங்குகிறவர் அம்மாற்றம் செய்யப்பட்டதா என்று கேட்பது வழக்கம்.

மடக்குத் துப்பாக்கிக்கு ஒரு சொல்

நம் நாட்டில் பயிர்க்காவலுக்கென்று உரிமம் வழங்கப்படுமாயின் அது பெரும்பாலும் சிதறல் துப்பாக்கிக்கே. அதிலும் பழையவை கைமாறுவதுண்டு. '12 குழல்' என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை செல்லும் அளவுள்ள குழல், விட்டம் 18.5 மில்லிமீட்டர். பழைய மடக்குத் துப்பாக்கியில் மூன்றைக் கவனிக்க. குழலும் கட்டையும் சேரும் கீல் ஆடக்கூடாது. மூடிய நிலையில் இடையே வெளிச்சம் தெரியலாகாது. குழலில் பள்ளமோ உப்பலோ இருத்தலாகாது. மூன்றாவது, தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். நுழைகிறதே என்று அதை இட்டுச் சுட்டால், விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். கம்பிகளை முறுக்கிக் காய்ச்சி அடித்த குழலாயின் இன்றைய புகையற்ற மருந்துக்கு அது தாங்காது; கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்பதற்கே உரியது.

சட்டம் என்ன சொல்கிறது?

முடிவெடுக்கும்போது முதலில் வைக்கவேண்டியதை இங்கே இறுதியில் விரித்துரைக்கிறோம். மற்றவற்றில் பிழைத்தால் பணம் போகும்; இதிற் பிழைத்தால் வாழ்வே போகும்.

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றம். ஏழாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனினும் கடுமையானது 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் (மிகைத் தண்டனை) சட்டம். சட்டவிரோதமாகச் சுடுகருவி வைத்திருந்தவருக்கு அதன் கீழ் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. குற்றம் புரியும்போது கொல்லவோ காயப்படுத்தவோ கருதிச் சுட்டவருக்கு அச்சட்டம் கட்டாய மரணதண்டனை விதித்திருந்தது. 2023இல்தான் அக்கட்டாயம் நீங்கி, தண்டனை நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. பாதுகாப்புப் பகுதியில் சுடுகருவி வைத்திருந்தாலே மரணம் என்று விதித்திருந்த 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. தண்டனைகள் காலத்தோடு மாறியிருக்கலாம். உரிமமற்ற துப்பாக்கியை அரசு எளிதாக எண்ணிய காலம் மட்டும் இந்நாட்டில் இருந்ததில்லை.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. மேலாளர் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்கியதும், தோட்டத்தைச் சுற்றி முள்வேலி எழுந்ததும், சிறப்புக் காவலர் காவல் நின்றதும் அக்காலத்தில்தான். அவசரகால விதிகளின்படி அனுமதியின்றிச் சுடுகருவி வைத்திருந்தால் தண்டனை மரணம்.

அவ்விதிக்கு இரையான தமிழர் ஒருவரை நாம் மறத்தற்கில்லை. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர் எஸ். ஏ. கணபதி. தமிழ்நாட்டார் அவரை 'மலாயா கணபதி' என்பர். அவர் 1949 மார்ச்சு முதல் நாள் ரவாங் அருகே கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. அதே மாதத்தில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் பயனின்றி, மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே ஒன்பது வாரங்களே. அவருடைய அரசியலை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அது வேறு பொருள். நாம் இங்கே கருதவேண்டியது, கையளவான ஒரு கருவியும் ஆறு தோட்டாக்களும் இந்நாட்டில் ஒரு மனிதனுக்கு எத்தகைய விலையாக முடிந்தன என்பதையே.

ஆகவே, "மலிவாகத் தருகிறேன், பாரம், கீரம் ஒன்றும் வேண்டாம்" என்று ஒருவர் சொல்வாராயின் அது மலிவன்று. பொதுமக்களுக்குக் கைத்துப்பாக்கி உரிமம் கிடைப்பது மிக மிக அரிது. பன்றி விரட்டப் பெருங்குழற் சுழல் துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அத்தகைய கருவி ஒன்று தோட்டப்புறத்தில் விலைக்கு வருமாயின் அது சட்டவழியில் வந்ததாக இருக்க வழியில்லை. முன்பு அது எந்தக் குற்றத்துக்குப் பயன்பட்டது என்பதை வாங்குகிறவர் அறியார். ஆனால் அகப்படும்போது விடைசொல்ல நிற்பவர் அவரே.

இறந்துபோன பெரியவர் ஒருவரின் உரிமத் துப்பாக்கி வீட்டில் இருக்குமானால், அது வீடு, நகை போலப் பிள்ளைகளுக்குத் தானாக இறங்கும் சொத்தன்று. உரிமம் ஆளுக்கு உரியது. காவல்நிலையத்துக்கு உடனே தெரிவித்து ஒப்படைப்பதே நேர்வழி. பரணில் துணி சுற்றி வைத்திருப்பது, விளைவு தெரியாமல் நெருப்பை முடிந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

வேட்டைக்கும் தனியே கட்டுப்பாடு உண்டு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப்பன்றியைச் சுடவும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று என இரண்டு அனுமதிகள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

தோட்டப்புறத்துக்கு உரிய அச்சம்

இன்னும் ஒன்று உளது. .44 குண்டு குறிதவறினால் அங்கேயே விழுந்துவிடாது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் செல்லும். நம் தோட்டங்களில் ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது? லயம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. விடியுமுன் நெற்றிவிளக்கோடு மரம் வெட்டச் செல்லும் பால்மரத் தொழிலாளியின் விளக்கு, இருட்டில் பதுங்கி நிற்பவனுக்கு விலங்கின் கண்ணாகத் தோன்றக்கூடும். வேட்டைக்கு உடன் சென்றவரையே விலங்கென்று எண்ணிச் சுட்ட செய்திகள் நம் நாளேடுகளில் வாராதவை அல்ல. பன்றி தின்ற கன்றை மறுபடி நடலாம்.

கணக்கின் முடிவு

இனி, தொடக்கத்தில் எடுத்த தராசுக்குத் திரும்புவோம். பெறுவது என்ன? சில பன்றிகளைச் சுடலாம் என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையும், குறுங்குழலின் குறிப்பிழையையும் உதைப்பையும் கண்டபின் பாதியாகிறது. இழப்பது என்ன? வாங்கிய பணம், அகப்பட்டால் ஆண்டுக் கணக்கில் சிறை, பிரம்படி, குறிதவறினால் ஓர் உயிர். மிஞ்சும் ஊதியம் ஒன்றுமில்லை. எனவே மலேசியத் தமிழர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டால் விடை ஒரே சொல்லில் அமையும்: வேண்டாம்.

அப்படியாயின் பன்றிக்கு என்ன வழி? இளங்கன்றைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு இடுவது முதல் வழி. குருத்து முற்றும்வரை அதுவே போதிய காவல். அக்கம்பக்கத்து நிலக்காரர் கூடி வேலி அமைத்தால் செலவு பகிர்ந்துபோகும். தொல்லை மிகுந்தால் வனவிலங்குத் துறைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். இத்தனைக்கும் பிறகு துப்பாக்கி இன்றியமையாதது என்று தோன்றினால், மாவட்டக் காவல்துறையில் சிதறல் துப்பாக்கிக்கு முறைப்படி விண்ணப்பித்து, உரிமம் கைக்கு வந்த பின்னரே உரிமமுள்ள வணிகரின் கடைவாயிலை மிதிக்கவேண்டும். உரிமம் முன்னே, துப்பாக்கி பின்னே என்னும் வரிசை மாறலாகாது.

கேட்டு வருகிறவரிடம் "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் வேறொருவரிடம் போவார். ஏன் கூடாது என்பதை அச்சட்டத்தின் பெயரோடும் அந்த முக்கோணக் கணக்கோடும் எடுத்துச் சொல்லி, முறையீட்டுக் கடிதத்தை அங்கேயே அமர்ந்து எழுதிக் கொடுத்தனுப்பினால், அவர் வீடு திரும்பிக் கம்பிவலை வாங்கப் புறப்படுவார். எழுத்தறிந்தவர் தோட்டத்துக்குச் செய்யக்கூடிய காவல் அது.